சுமத்ராவில் சரசு ஆன்டி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் குடியிருக்கும் தாமான் காணாமல் போய்விட்டது.

வீடுகள் அப்படியேதான் இருந்தன. முனையில் ரொட்டி சானாய் கடையும் இருந்தது. காணாமல் போனது மேப்பில். தொலைத்தது... வேறு யார்? நான்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தில் இணைய வரைபடம் செய்கிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு முறையாவது இந்தப் பத்தியில் சொல்லிவிடுகிறேனே! எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள். அப்பா லோரி ஓட்டுகிறார். இரண்டாம் வகுப்போடு சரி. என் பட்டத்தைப் பற்றி என்னைவிட அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

மழை வந்தால் கிள்ளானில் எங்கள் பக்கத்து லோங்காங் அடைத்துக்கொள்ளும். அந்தச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். எங்கே அடைப்பு என்று அவரவர் போனிலேயே புள்ளி வைக்கட்டும் என்று ஒரு மேப் செய்தேன். அதைக் காட்ட, குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மணியம் அங்கிள் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார். அப்பா வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துவிட்டார். முன்வரிசையில், கல்யாணத்துக்குப் போடும் சட்டையில், அவரே உட்கார்ந்திருந்தார்.

வெறும் கோடு போட்ட மேப்பில் யாருக்கு வழி தெரியும்? பின்னணியில் கிள்ளான் வட்டாரத்தின் வான்படம் இருந்தால் அவரவர் கூரையைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அது ராட்சசப் படம். முழுதாக அனுப்பினால் போன் படுத்துவிடும். அதனால் சதுரம் சதுரமாக வெட்டி, தேவையானதை மட்டும் அனுப்புவோம். அதற்குப் பெயரே டைல்தான் — குளியலறையில் பதிக்கிறோமே, அதே மாதிரி. ஒவ்வொரு டைலுக்கும் வரிசை எண் உண்டு. டைல்கள் இருக்கும் முகவரியைக் கொடுத்தால், மேப் மென்பொருள் எண் பார்த்து அடுக்கிக்கொள்ளும்.

அந்த முகவரியை அன்று காலைதான் கொடுத்தேன். சோதித்துப் பார்த்தேனா? என்ன கேள்வி இது... பட்டதாரியிடம்!

மண்டபத் திரையில் நாட்டு எல்லைக் கோடுகள் வந்தன. கிள்ளான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சாம்பல் நிறம்.

"லைன் ஸ்லோ அங்கிள், இப்ப வந்துரும்" என்றேன்.

வரவில்லை.

"என்னம்மா, ஜெரெபுவா?" என்றார் மணியம் அங்கிள். புகைமூட்டமாம்! மண்டபமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"லைன் ஸ்லோலா அங்கிள்!"

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எங்கள் தாமான் சரசு ஆன்டியின் குரல் வந்தது. மேப் லிங்கை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர் போனில் திறந்து, இரண்டு விரலால் சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருக்கிறார்.

"எம்மா, இங்க கடலத் தாண்டி ஸ்டாம்ப் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு. பெருசாக்கிப் பாத்தா... ஐயோ, இது என் வீட்டு நீலத் தண்ணித் தொட்டிதான்லா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சுமத்ராவின் மேற்குக் கரையோரம் கிள்ளான் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அப்ப இனிமே வீட்டுக்குப் போக பாஸ்போர்ட் வேணுமா?" என்றார் மணியம் அங்கிள். சாவி தேடியவர்கள்கூட இந்த வேடிக்கையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. படத்தை வெட்டிய மென்பொருள் முழு உலகத்துக்குமான வரிசைகளைக் கீழேயிருந்து எண்ணியிருக்கிறது. மேப் மென்பொருளோ மேலேயிருந்து எண்ணுகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று டிகிரியில் இருக்கும் கிள்ளான், தெற்கே மூன்று டிகிரிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இரண்டு மென்பொருளும் தத்தம் கணக்கே சரி என்று நம்பியதால், பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. மனுஷர்களும் இப்படித்தானே? எங்கேயிருந்து எண்ணுகிறாய் என்று கேட்டுக்கொள்ளாமலே எத்தனை வருஷம் சண்டை போடுகிறோம்!

முகவரியில் வரிசையைக் குறிக்கும் ஒய் எழுத்துக்கு முன்னால், கீழேயிருந்து எண்ணு என்று சொல்லும் ஒரு மைனஸ் குறி போட்டேன். அவ்வளவுதான். ஒரு சின்னக் கோடு.

கிள்ளான் கட்டம் கட்டமாக வீடு திரும்பியது. நீலத் தொட்டி வந்ததும் கைதட்டல். சரசு ஆன்டிதான் முதல் புள்ளியை வைத்தார் — தன் வீட்டு முன்னால் இருக்கும் அடைப்பில். அப்பா திரும்பி உட்கார்ந்து, பின்வரிசை வரைக்கும் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது காரில் அப்பா மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, நீ லைன் ஸ்லோ லைன் ஸ்லோன்னு சொன்னியே... அப்ப நான் போன்ல பாட்டு கேட்டுப் பாத்தேன். லைன் நல்லாத்தானே இருந்துச்சு?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

லைன் ஸ்லோ.