ஐந்து டப்பாவிலும் அதே தக்காளி விதை

மலம் என்று படிவத்தில் எழுதுவோம். மூடியைத் திறந்தால் அதற்கு வேறு பெயர்தான். ஒன்பது வருடமாக இந்த வேலை. இன்றும் முதல் டப்பாவைத் திறந்ததும் குமட்டும். பழகிவிடும் என்று சொன்னவர்கள் ஒருத்தரும் திறந்து பார்த்ததில்லை.

குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுதான் எங்கள் ஆய்வு. பூச்சி மாத்திரை கொடுத்து, மூன்று வாரம் கழித்து மலம் வாங்குவோம். அப்போதும் முட்டை இருந்தால் அதன் மரபணுவைப் படிப்பார்கள். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், மாத்திரை அந்தப் புழுவிடம் பலிக்காது. சனியன், தன் குட்டிகளுக்கும் அதையே கொடுத்துவிட்டுப் போகும்.

குருசுக்குப்பத்தில் ஒரு வீடு. மீன் விற்கும் பெண், கணவர், மாமியார், வயசுக்கு வந்த இரண்டு மகள்கள். ஐந்து பேரும் என் கண்ணெதிரில்தான் மாத்திரை விழுங்கினார்கள். ஆனால் மூன்று வாரம் கழித்து டப்பா கேட்டுப் போனால் நாளைக்கு, நாளைக்கு. மூன்றாம் நாள் பொறுமை போய் வாசலில் நின்று கத்திவிட்டேன். மறுநாள் காலை ஐந்து டப்பாவும் பையில் தயாராக இருந்தன.

ஐந்திலும் அதே நிறம், அதே தக்காளி விதை. பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன். அன்றைக்கு என் பட்டியல் நிறைந்தால் போதும் என்றிருந்தது.

முடிவு வந்ததும் ஆய்வகத்தில் எங்கள் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "மருந்துக்கு அடங்காத புழு, ஒரு வீடு முழுக்கப் பரவியிருக்கும்மா!"

எழுத்து மாறிய முட்டைகள் ஐந்து டப்பாவிலும் ஒரே அளவு. ஐந்து பேர் வயிற்றில் அது எப்படி அச்சடித்த மாதிரி இருக்கும்? எனக்கு அந்த விதைகள் ஞாபகம் வந்தன.

பஸ் பிடித்து ஓடினேன். அந்தப் பெண் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு டப்பாவுலயும் புழு இருக்குன்னு வந்திருக்கு. உண்மைய சொல்லும்மா. அந்த அஞ்சும் யாருது?"

"எல்லாம் என்னுதுதான் யக்கா. டப்பாவப் பாத்ததும் அவரு கருமம்னு வீசிட்டாரு. பொண்ணுங்க வெக்கத்துல அழுவுதுங்க. அத்தை பேசுன பேச்ச வெளிய சொல்ல முடியாது. நீங்க வேற வாசல்ல நின்னு மானத்த வாங்குனீங்க. அதான் நானே அஞ்சுலயும் போட்டுட்டேன்." சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. "அப்போ புள்ளைங்க வயித்துல ஒண்ணும் இல்லியா யக்கா?"

"அது அவங்களுத பாத்தாதாம்மா தெரியும். உன்னுதுதான் தெரிஞ்சுபோச்சே."

அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. ஐந்து பேருக்கு நாங்கள் பங்குபோட்ட புழு மொத்தமும் இவள் ஒருத்தியைக் குடித்துக்கொண்டிருந்தது.

சாரிடம் சொன்னேன். விதைகளைப் பார்த்தும் மூடியதையும் சேர்த்தே சொன்னேன். முகம் சுளித்தார். "சே, டேட்டாவே கெட்டுப்போச்சு. லிஸ்ட்லேருந்து அந்த வீட்டையே அடிச்சுடு."

"சார், அந்தம்மா உடம்புல ரத்தமே இல்ல."

"அது நம்ம ஸ்டடியில வராதும்மா."

தூ! ஒன்பது வருடத்தில் எந்த டப்பாவும் தராத அருவருப்பு அது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வாசலிலிருந்து வார்டு போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் ஏற்ற வேண்டும், மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு டப்பாவை நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டும் நகரவில்லை, இன்னும் வரும் என்று கையை நீட்டியபடியே நின்றாள்.

"ஒண்ணு போதுமா யக்கா?"

"ஒண்ணு போதும்மா. உனக்கு மட்டுந்தான்."