டாக்டருக்காக எடுத்த மொட்டை

அமெரிக்காவில் முன்பின் தெரியாதவர்களோடு யாரும் சண்டைக்கு நிற்பதில்லை என்று ஊருக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள், நியூஜெர்சி கடையொன்றில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா என் மாடி வீட்டுக்காரர் ரானை நோக்கி முட்டைக்கோசை ஓங்கினாள். "பெண்டாட்டி பார்வை போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், உனக்குத் தக்காளி கேட்கிறதா?" என்றாள். ரானுக்குக் கல்யாணமே ஆகவில்லை. "வியாழக்கிழமை பார்வை வந்துவிடும், அம்மா" என்றார் அவர் பணிவாக.

ரான் சோப் ஆபரா நடிகர். சோப்புக் கம்பெனி விளம்பரங்களுக்கு நடுவே, வாரம் ஐந்து நாள் மதியம் டி.வி.யில் பெண்களை அழவைக்கிற நாடகம் அது. அயோவாவில் பன்றிப் பண்ணையில் பிறந்து, நியூயார்க் செருப்புக் கடையில் வேலை பார்த்து, இதே நாடகத்தில் பிணமாகப் படுத்து, மூச்சை ஒழுங்காக அடக்கிய திறமைக்காக டாக்டர் பிரைஸாக உயர்ந்தவர். ஒன்பது வருஷக் கதையில் நான்கு கல்யாணம், ஒரு ஞாபக மறதி, திடீரென்று முளைத்த ஓர் இரட்டைச் சகோதரன். ஆனால் பதின்மூன்று வாரத்துக்கொரு முறை ஒப்பந்தம் முடியும். புதுப்பிக்கக் கம்பெனிக்கு மனமில்லையென்றால் கதையில் கார் கவிழும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் கவிழ்ந்தது. ஐம்பதை நெருங்கிய ரான் என் சமையலறையில் உட்கார்ந்து ரசத்தைக் கஷாயம்போல் குடித்தார். "ஜனவரிக்குள் செத்துவிடுவேன். இந்த வயதில் செருப்புக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள்" என்றார்.

திருவண்ணாமலையில் இருக்கும் அக்காவுக்கு இதை எழுதினேன். "டாக்டர் பிரைஸ் பிழைப்பது கஷ்டம், பாவம்." தெருவே அப்படித்தான் அவரைக் கூப்பிட்டது, எம்.ஏ. படித்த நானும் அப்படியே எழுதித் தொலைத்தேன். அக்கா யாரையும் கேட்காமல் கோயிலுக்குப் போய், அவர் பிழைத்தால் அவருக்கே மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். முகமெல்லாம் கட்டோடு டாக்டர் டி.வி.யில் கண் திறந்தார். அக்காவின் வேண்டுதலைச் சொன்னதும் ரான் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் முடி ஒப்பந்தத்தில் இருக்கிறது! உங்கள் கடவுள் விக் வாங்கிக்கொள்வாரா?"

அந்தக் குளிர்கால விடுமுறைக்கு ஊர் போனேன். பஸ் ஸ்டாண்டிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எங்கடா உன் டாக்டரு?"

"டாக்டர் இல்லக்கா, நடிகரு. முடி எடுத்தா வேலை போய்டும்."

"உசுரக் குடுத்த சாமிக்கு மயிரு குடுக்க வலிக்குதாமா? சரி, அவருக்குப் பதிலா நீ உக்காரு."

காதுகளுக்கு மேல் நான் பாதுகாத்து வந்த கொஞ்ச நஞ்சத்தைத் தடவிப் பார்த்த கோயில் முடிதிருத்துபவர், "சார், இத்தப் போய் மொட்டைன்னு சொல்லி சாமிய ஏமாத்தலாங்களா?" என்றார். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டார். அக்கா உரக்க, "டாக்டர் பிரைஸ்" என்றாள்.

"பேரு ரான்க்கா!"

"நீ எழுதுன பேருக்குத்தான் வேண்டிக்கிட்டேன். இப்ப மாத்தினா சாமி கொழம்பிடும். கம்முனு இரு."

சாமி குழம்பவே இல்லை. நான் திரும்பியபோது ரான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பிரைஸ் சௌக்கியம். திங்கட்கிழமை முகக்கட்டை அவிழ்த்தபோது, உள்ளே வேறோர் இளைஞன் இருந்திருக்கிறான். "இன்று முதல் டாக்டர் பிரைஸாக நடிப்பவர்" என்று ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பெண்கள் வழக்கம்போல் அழுதார்களாம்.

கம்பளிக் குல்லாவுக்குள் அக்கா பூசிய சந்தனம் அரித்தது. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். ரானே, "வீட்டில் எல்லாரும் எப்படி?" என்றார். அக்கா கொடுத்தனுப்பிய போட்டோவை நீட்டினேன். லீவு கிடைக்காமல் நான் போகத் தவறிய, அக்கா மகள் கல்யாணம். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், தாய்மாமனான நான் நிற்க வேண்டிய இடத்தில், என் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாகச் சித்தப்பா மகன் செல்வம்.

ரான் அவன்மேல் விரலை வைத்தார். "இது யார்?"

"நான்" என்றேன்.

ரான் போட்டோவை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் செய்திருக்கிறான்" என்றார்.