சிஐடி வாடகைக்கு விட்ட மூன்று வீடுகள்

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்றால் எங்கள் உறவுக்காரர்கள் நம்ப மாட்டார்கள். எனக்கும் அவளுக்கும் இருபத்தாறு வருடப் பழக்கம். அதில் இருபது வருடத்தையாவது நான் அவளைக் குறை சொல்வதில் கழித்திருக்கிறேன். இருந்தாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். அறைகளிலிருந்து வரும் விரிப்புகளை உதறிப் பார்த்து, கறைக்குத் தகுந்தபடி பிரித்துப் போடுவது வேலை. விரிப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இரட்டைக் கட்டிலில் ஒரு ஓரம் மட்டும் கசங்கியிருந்தால், வந்தவர் தனி ஆள், ஆனால் வீட்டில் துணையோடு படுத்துப் பழகியவர். கால்மாட்டில் பேனா மை இருந்தால், மறுநாள் கூட்டத்தை நினைத்துத் தூங்காமல் எழுதியவர். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சிஐடி. ஆனால் ஹோட்டலில் ஒரு கண்டிப்பு உண்டு, தங்க வருகிறவர்களிடம் எதையும் துருவிக் கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருடக் கேள்விகளை அவள் வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அவள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்றாள்.

என் மாமனார் விட்டுப்போன சொத்து மூன்று ஏக்கர் நிலம். நிலம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. முக்கால்வாசி பாறை. ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். பாறை மேல் வட்டமாக ஒரு கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி. குழாய் போகும் வழியை மாற்றிவிட்டதால் பல வருடமாகக் காய்ந்து கிடந்தது. எல்லாம் அண்ணன், தங்கை இருவர் பெயரிலும் இருந்தது. விற்பதென்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் தறி மில்லில் இருந்தவர். அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால் நான் வாய்க்குள்ளேயே பேசுகிறேன் என்பார். அதனால் எங்கள் வீட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதைக்கூட நான் நாலு வீட்டுக்குக் கேட்கும்படிதான் சொல்வேன். மீதி நேரம் பேச்சே கிடையாது.

ஒரு நாள் கல்குவாரி நடத்துகிறவர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். பாறையை விலைக்கு எடுத்து உடைக்கிறேன், தொட்டியை இடித்துவிடலாம் என்றார். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் தலையாட்டினார். எனக்கு மனசுக்குள் கொண்டாட்டம். மாடி ஏறி ஏறி என் முழங்கால் தேய்ந்துவிட்டது, லிஃப்ட் வைத்த வீடு ஒன்றின் மேல் நான் ரொம்ப நாளாகக் கண்வைத்திருந்தேன்.

விஷயம் தெரிந்து நாத்தனார் மறுநாளே வந்து, பாறையை உடைக்கக் கூடாது என்று அண்ணன் காதில் கத்தினாள். அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். அந்தப் பாறை மேல் தினுசு தினுசாக மூன்று சின்ன வீடுகள் வைத்து, நகரத்து ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறாளாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறாள் என்று நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தெருவுக்கே கேட்கிற அவர் குரலில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருடம் அவகாசம். வருடத்தின் கடைசிச் சனிக்கிழமை அவர் வந்து பார்க்கும்போது மூன்று வீட்டிலும் ஆள் இருக்க வேண்டும். உறவுக்காரர்கள் கணக்கில் சேராது. ஒன்று காலியாக இருந்தாலும் அவள் குவாரிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சரி என்றாள்.

முதல் வீடு ஒரு பழைய பேருந்து. பழைய இரும்புக் கடையில் உடைக்கப் போனதைப் பேசி எடுத்து, கிரேன் வைத்துப் பாறை மேல் ஏற்றினாள். இரண்டாவது, கடையை மூடிவிட்ட ஒரு சர்க்கஸ் கம்பெனியின் மர வண்டி. கம்பியில் நடக்கிற ஒரு குடும்பம் பதினேழு வருடம் அதில் குடியிருந்ததாம். மூன்றாவது அந்தத் தொட்டி. சுவரை அறுத்து வாசல் வைக்க மட்டும் நாலு நாள் ஆனது.

இங்கேதான் அவள் சறுக்கினாள். அவளுக்குத் தெரிந்த நல்ல அறை ஹோட்டல் அறை ஒன்றுதான். அதனால் மூன்றையும் ஹோட்டல் அறையாக்கினாள். தூங்கப் போகிறவனுக்கு ஸ்டியரிங் எதற்கு என்று பேருந்தின் முன்பக்கத்தைப் பிளைவுட் வைத்து மறைத்தாள். வண்டியின் கீறல் விழுந்த பலகைகள் மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டினாள். தொட்டிக்குள் பேசினால் எதிரொலிக்கிறது என்று சுவர் முழுக்க நுரைப்பஞ்சு ஒட்டித் துணி போர்த்தினாள். விரிப்புகளின் மூலை மடிப்பு மட்டும் கத்தி போல இருக்கும், அதில் குறையே சொல்ல முடியாது.

ஆட்கள் வந்தார்கள். ஒரு தடவை வந்தவர்கள் மறுபடி வரவில்லை. தங்க வருகிறவர்கள் பெயர் எழுதும் குறிப்பேட்டில் ஒருவர், இதற்கு ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். அவளுக்கு அது பாராட்டா திட்டா என்று இரண்டு நாள் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. லிஃப்ட் வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் சிஐடி சும்மா இருப்பாளா? விரிப்புகளைப் பார்க்க ஆரம்பித்தாள். பேருந்து விரிப்பில் கால்மாட்டுப் பக்கம் கிரீஸ் கறை. அறைக்குள் கிரீஸ் எங்கிருந்து வரும்? பிளைவுட்டைப் போய்ப் பார்த்தாள். திருகாணிகளின் தலையில் நாணயத்தை வைத்துத் திருகிய கீறல்கள். யாரோ கழற்றி, உள்ளே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, நல்ல பிள்ளையாக மறுபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். சர்க்கஸ் வண்டியில் கட்டிலுக்குப் பின்னால் காகிதம் ஒரு முழம் உரிந்திருந்தது. தொட்டியில் தலையணைகள் தரையில், சுவரோரமாகக் கிடந்தன, நுரைப்பஞ்சில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வந்தவர்கள் அத்தனை பேரும் அவள் மூடி வைத்ததைத்தான் திறந்து பார்க்க முயன்றிருக்கிறார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்ற ஆச்சரியம்தான் இருந்தது. ஒரே வாரத்தில் ஒட்டியதையெல்லாம் பிய்த்து எறிவது என்று முடிவு செய்தாள். உதவிக்கு நானும் போனேன். உதவிக்கு என்று சொன்னேனே தவிர, எப்படித் தோற்கிறாள் என்று பார்க்கிற ஆசைதான்.

தொட்டிக்குள் நுரைப்பஞ்சை முழுக்க உரித்து முடித்த அன்று, நான் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தேன். நாத்தனார் எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்து ஒட்டுப்பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று என் காதருகில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அண்ணி வேலை செய்ய வந்தாங்களா, வேடிக்கை பாக்க வந்தாங்களா, தெரியலையே."

தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள், இந்தச் சுவருக்கு வாயும் இருந்தது. ஒரு பக்கம் சுவரோரமாக மெதுவாகப் பேசினால் அது வளைந்து ஓடி எதிர்ப்பக்கம் சுவரோரமாக இருப்பவர் காதில் விழுகிறது. நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. அன்று முழுக்க நாங்கள் வேலையை விட்டுவிட்டு, சுவரோடு சுவராக உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாள் கழிந்தது அதுவே முதல் தடவை. பிறகு அவள் சுவரை ஒட்டி வட்டமாக ஒரு மரப் பெஞ்சு போட்டாள்.

அதற்கப்புறம் வந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள். ஹோட்டலில் கேட்க முடியாததையெல்லாம் அவள் இங்கே தேநீர் கொடுத்துக் கேட்டாள். பல் டாக்டர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து இரண்டு மணி நேரம் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். என்ன சார் யோசிக்கிறீங்க என்று கேட்டாளாம். ஒன்றும் யோசிக்கவில்லை, யாரும் வாயைத் திறந்து காட்டாத ஒரு இடம் வேண்டும் என்றாராம். சர்க்கஸ் வண்டியில் பலகைச் சுவரில் பென்சிலால் போட்ட உயரக் கோடுகள் வெளியே வந்திருந்தன. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் வருடா வருடம் வளர்ந்த அளவு. தங்க வருகிறவர்கள் கோடுகளுக்குப் பக்கத்தில் நின்று தங்களை அளந்துகொண்டார்கள், நரைத்த தலைகள் உட்பட.

வருடத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பேருந்தில் பல் டாக்டர். வண்டியில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. தொட்டிக்கு முன்பதிவு செய்த குடும்பத்தினர் பதினொரு மணிக்கு ஃபோன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போய் இறங்கினோம். அவர் பையில் குவாரிப் பத்திரம்.

நாத்தனார் எங்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒளிக்காமல், மறைக்காமல் அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னாள்.

"தொட்டி காலி, அண்ணா. நான் சொன்ன சொல் சொன்னதுதான். பேப்பரைக் குடுங்க."

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தேனோ அது கைக்கு வந்துவிட்டது, வந்ததும் பிடிக்கவில்லை. இன்றைக்கு நானே தொட்டியில் தங்குகிறேன், என் பெயரை எழுது என்றேன். உறவுக்காரர் கணக்கில் வராது அண்ணி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இவள் நேர்மையைக் கொண்டுபோய் உடைப்பில் போட என்று பல்லைக் கடித்தேன்.

என் வீட்டுக்காரர் எதில் கையெழுத்துப் போட்டாலும் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் போடுவார். வெயிலுக்கு ஒதுங்கித் தொட்டிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். அவர் ஒரு பக்கம் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, என் கண்ணாடி எங்கே என்று வழக்கம்போல் கத்தினார். தொட்டி அதை மூன்று மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. மனிதர் ஆடிப்போய் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் படித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இவருக்கு எங்கே கேட்கப் போகிறது என்ற தைரியத்தில் முணுமுணுத்தேன்.

"இருபத்தாறு வருஷமா கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு."

"அப்போ கத்தாதே."

சொன்னது அவர். பத்திரத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. பிறகுதான் தூக்கினார். அவ்வளவு தூரத்திலிருந்து என்னை உற்றுப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட்கிறதா என்று மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் கேட்டேன். கேட்கிறது என்றார், அதே அளவுக்கு.

வீட்டில் நான் பேசுவதில் பாதி தனக்கு விளங்குவதில்லை என்று அவர் சுவரிடம் சொன்னார். விளங்காதபோது தலையாட்டிவிடுவாராம். நான் ஒவ்வொரு தலையாட்டலாக நினைத்துப் பார்த்தேன். கடைசியில் நினைப்பு குவாரிக்காரர் வந்த நாளில் போய் நின்றது.

"அன்னைக்கும் அப்படித்தானா?"

"அந்த ஆள் என்ன சொன்னார்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னையே பாத்தீங்க. தலையாட்டிட்டேன். அப்புறம் மாத்திச் சொன்னா, காது கேக்கலைன்னு தெரிஞ்சிடுமே. அதான் ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன். இவ எப்படியும் ஜெயிச்சிடுவான்னு இருந்தேன்."

ஒரு தலையாட்டலை நம்பி நான் திரைச்சீலை வரை போயிருந்தேன். நாத்தனார் ஒரு வருடம் பாறையோடு மல்லுக்கு நின்றிருந்தாள். சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. லிஃப்ட் வீட்டைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். பத்திரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தங்கச்சியைக் கூப்பிடு என்றார்.

அவள் பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடியே வந்தாள். நான் என் இடத்தை விட்டு எழுந்து அவளை அங்கே உட்கார வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நான் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஊரார் கண்ணீர்க் கறையையெல்லாம் பிரித்துப் போட்டவள், அண்ணனுக்கு முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பத்திரம் அதற்குப் பிறகு பையை விட்டு வெளியே வரவேயில்லை. அண்ணன் என்ன சொன்னார் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை, தொட்டியிலேயே தங்கிவிட்டோம். மறுநாள் கிளம்பும்போது குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தச் சனிக்கிழமைக்கு நேராக, பேருந்துக்குப் பல் டாக்டரின் பெயர், வண்டிக்கு அந்த ஜோடியின் பெயர். தொட்டிக்கு நேராக அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் 'காலி' என்று எழுதியிருந்தது.