சீசனில் ஒரு கிழமை

அண்ணை அதைப் பகிடியாகத்தான் சொன்னார். ரொறன்ரோவில் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இந்த வருஷம் மாலைதீவுக்குப் போக ஏலாது என்று போனில் கனநேரம் கவலைப்பட்டவர், கடைசியில் "வேணுமெண்டால் நீ போவன்" என்று சொல்லிச் சிரித்தார்.

"ஓம், போறன்" என்றேன்.

மற்றப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணையும் அவருடைய மனைவி, என் மச்சாளும் பல வருஷங்களுக்கு முதல் அங்கே ஒரு தீவு விடுதியில் பங்கு வாங்கியிருந்தார்கள். ரைம்ஷெயார் என்பார்கள். வீடு சொந்தமில்லை, வருஷத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், அந்த வீட்டில் இருக்கிற உரிமை மட்டும் சொந்தம். தாங்கள் போகாவிட்டால் குடும்பத்தில் ஒருவரை அனுப்பலாம். அவர்களுடைய கிழமை நத்தாருக்கும் புதுவருஷத்துக்கும் நடுவில் வருவது. குளிர் நாட்டுக்காரர் எல்லாரும் வெயிலைத் தேடி ஓடுகிற நேரம் அதுதான். வருஷா வருஷம் அந்தக் கிழமையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் படங்கள் வரும். மச்சாள் அகலத் தொப்பியோடு, அண்ணை சாய்கதிரையில் கண்ணை மூடியபடி. நான் உரும்பிராயில், மழை வெள்ளம் நிற்கிற வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, கட்டைவிரலை உயர்த்தி ஒரு அடையாளம் அனுப்புவேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபிறகு வீட்டில் தனிய. அண்ணை என்னை மறந்தவர் இல்லை. அவர் மாற்றிய பழைய போன்கள் எனக்கு வரும். இந்த வெக்கைக்கு ஒருத்தரும் போடமுடியாத கோட்டுகள் வரும். பாதி முடிந்த வாசனைப் போத்தல்களும் வரும். அதில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் என்னை நினைத்து வாங்கின ஒரு சாமானும் அந்தப் பெட்டிகளில் இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அண்ணை திரும்பப் போன் எடுத்தார். சீசன் நேரத்தில் சரியான சனமாக இருக்கும், ஆனி மாதம் போனால் அமைதியாக இருக்கும், தன் கிழமையை அதற்கு மாற்றித் தரலாம் என்றார். ஆனியில் அங்கே தென்மேல் பருவக்காற்று. மழையும் கொந்தளிக்கிற கடலும். அதை ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் நான். அதோடு எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை மார்கழியில்தான். மார்கழிதான் வேணும் என்று சொன்னேன். யோசிப்பம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் யோசிக்கவில்லை, துணை தேடினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிற சிநேகிதி ஒருத்தி. குருநகர்க் கடற்கரைக்காரி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, கணவர் இறந்து சில வருஷங்கள். இரண்டு மகன்மாரும் அவர்களுடைய பிள்ளைகளும் அவளோடுதான். நான் கேட்டதும், பிறந்த நாள் தொடக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளை இன்னொரு கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் கூப்பிடுகிறீரே என்று சிரித்தாள். பிறகு கையிலிருந்த கொப்பிகளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அங்க சமைக்கத் தேவையில்லையோ?"

"இல்லை. மூண்டு நேரமும் அவை தருவினம்."

"அப்ப வாறன்" என்றாள்.

ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். நத்தார்ப் பூசை முடிந்துதான் வெளிக்கிடுவாள். அதுக்கு முதல் ஒரு அடி நகரமாட்டாள். இரண்டுபேரிடமும் பாஸ்போட் இருந்தது. அவள் வேளாங்கண்ணிக்குப் போக எடுத்தது, நான் சிதம்பரத்துக்குப் போக எடுத்தது. கோயிலைத் தவிர வேறொன்றுக்காகவும் நாங்கள் நாடு தாண்டினதில்லை. விஷயம் ஆசிரியர் அறைக்குள் பரவ, தீவில் இருக்கிறவை தீவு பார்க்கப் போகினமாம் என்று ஒருவர் பகிடி விட்டார். "உங்களுக்கும் இடம் பாக்கட்டோ?" என்று கேட்டேன். அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

அந்த விடுதியின் பதிவு அலுவலகத்துக்கு இடைவேளை நேரத்தில் போன் எடுத்தேன். ஒரு பெண் மரியாதையான ஆங்கிலத்தில் பேசினாள். உச்சக் காலம், எல்லாம் நிறைந்துவிட்டது என்று தொடங்கினாள். நான் புது இடம் கேட்கவில்லை, அண்ணையின் பங்கில் உள்ள கிழமையைத்தான் கேட்கிறேன் என்று விளங்கப்படுத்தினேன். அண்ணையின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அவளுடைய குரல் இன்னும் மரியாதையானது. அந்தக் கிழமை போன மாதமே பதிவாகிவிட்டது, உங்கள் அண்ணையின் விருந்தாளிகள், புதுமணத் தம்பதிகள் என்றாள்.

போனை வைத்துவிட்டு மாமரத்துக்குக் கீழே நின்றேன். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனேன். என்ன படிப்பித்தேன் என்று இப்போது நினைவில்லை.

தம்பதிகள் யார் என்பது எனக்கு உடனே தெரிந்தது. ஆவணியில் மச்சாளின் தமக்கை மகளுக்குத் தெல்லிப்பழையில் கலியாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். என்னிடம் பகிடி விடுவதற்கு முதலே அண்ணை அந்தக் கிழமையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நான் ஓம் என்று சொல்லக்கூடும் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்கவில்லை.

பின்னேரம் அண்ணைக்கு எடுத்தேன். அவர் மறுக்கவில்லை. சங்கடப்பட்டார், பிறகு கொஞ்சம் எரிச்சற்பட்டார்.

"அதுகள் புதுசாக் கலியாணம் கட்டினதுகள், பிள்ளை. நீ அங்க போய் என்ன செய்யப் போறாய்?"

"கடல்ல குளிப்பன். சாப்பிடுவன். கதிரையில படுப்பன். கலியாணம் கட்டினவையும் அதைத்தானே செய்யினம், அண்ணை."

"ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"ஆக்களுக்கு நான் சொல்லுறன். நீங்கள் என்னைப் போகச் சொன்னனீங்கள். நான் ஓமெண்டனான். எனக்கு அந்தக் கிழமை வேணும்."

அம்மாவைத் தூக்கிக் குளிக்க வார்த்த வருஷங்களை நான் வாயால் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அண்ணை அந்த நிமிஷமே இறங்கி வந்திருப்பார். ஆனால் அது கூலி கேட்டதுபோல ஆகிவிடும். நான் அம்மாவைப் பார்த்ததற்குக் கூலி கேட்கவில்லை. அவர் தந்த சொல்லைத்தான் கேட்டேன்.

தான் கொடுத்ததைத் தன் வாயால் திருப்பிக் கேட்கமாட்டேன் என்றார் அண்ணை. அப்ப நான் கேட்கிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குப் போனேன். சிநேகிதி தானும் வரட்டோ என்று கேட்டாள். சண்டைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் சண்டை வந்தாலும் நிற்கிற எண்ணத்தோடுதான் போனேன். வழி முழுக்க என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன்.

படலையைத் திறந்தது கலியாணம் கட்டின அந்தப் பிள்ளைதான். தேத்தண்ணி தந்தது. சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அந்தக் கிழமை வேணும், அதை உங்களிடம் நேரில் கேட்க வந்தனான் என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருந்தது. அழப்போகுதோ என்று நினைத்தேன். அது உள்ளே திரும்பி, "இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டது. அவர் வந்து வாசலோரம் நின்றார்.

"அன்ரி, இவர் வேலை செய்யிறது வங்கியில. வருஷ முடிவில இவருக்கு ஒரு நாள் லீவும் குடுக்கமாட்டினம். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இருக்கிறம். தாறம் எண்டு சொல்லிச்சினம். ஏலுமோ எண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை."

நான் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் தேவையில்லாமல் போனது. அந்தக் கிழமை ஒருத்தருக்கும் இல்லாமல் வீணாகப் போக இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் பயந்து அவர்களும், ஆனியில் போ என்றதைக் கேட்டு நானும் பேசாமல் இருந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். மச்சாளுக்கு அப்போதே போன் போட்டு அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். அது விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. சித்திரையில் லீவு எடுக்கலாம், அப்போது வேறு எங்கேயாவது போய்க்கொள்கிறோம் என்றது. மச்சாள், அண்ணையைக் கொண்டு இன்றைக்கே மாற்றுவிக்கிறேன் என்றா. மாற்றுவித்தா.

பதிவு அலுவலகப் பெண் தானாகவே எனக்குப் போன் எடுத்தாள். பெயர்களைச் சரிபார்த்தாள். திருமதியா என்று கேட்டாள். செல்வி என்றேன். இந்தப் பதிவு தேனிலவுக்காகச் செய்தது, கட்டிலில் பூ அலங்காரம், ஒரு கேக், கடற்கரையில் இரண்டுபேருக்கு மெழுகுதிரிச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது, நிறுத்திவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற சிநேகிதியிடம் கேட்டேன்.

"ஏன் நிப்பாட்டுறது? பூவும் கேக்கும் எங்களைக் கடிக்குமோ?" என்றாள் அவள்.

எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு குளிக்கிற உடுப்பு வாங்க யாழ்ப்பாண நகரத்துக்குப் போனோம். கையும் காலும் மூடின நீச்சல் உடுப்பு ஒரு கடையில் இருந்தது. மகளுக்கோ என்று கடைப் பிள்ளை கேட்டது. எனக்கு என்றேன். அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கறுப்பு நிறத்தை எடுத்துப்போட்டது. பக்கத்தில் மயில்நீலம் ஒன்று தொங்கியது. அதை எடுக்கச் சொன்னேன். சிநேகிதி சிவப்பு எடுத்தாள். மகன்மார் கண்டால் என்ன சொல்வார்களோ என்று சொல்லிச் சொல்லியே எடுத்தாள்.

நத்தாருக்கு அடுத்த நாள் பஸ்சில் கொழும்புக்குப் போய், அங்கேயிருந்து பறந்து, பிறகு வேகப்படகில் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டிலில் பூவால் இதயம் போட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பெட்டி கொண்டுவந்த பெடியனும் சிரித்துவிட்டான். கேக்கை அன்றைக்கே முடித்தோம்.

அடுத்த நாள் நீச்சல் தடாகத்தருகே நின்றபோது ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைக் கூப்பிட்டு, உடம்பு துவட்ட இரண்டு துவாய் கொண்டுவரச் சொன்னா. அந்தத் தீவில் எங்களைப்போல இருந்த மற்றப் பெண்கள் எல்லாரும் அங்கே வேலை செய்கிறவர்கள். சிநேகிதி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒரு கணம் அறைக்குத் திரும்பிப் போகவேண்டும் போல இருந்தது. போகவில்லை. நானும் விடுமுறையில் வந்தவள்தான், துவாய் அந்த அடுக்குத் தட்டில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவவுக்குப் பக்கத்தில் இருந்த வெறுங்கதிரையில் போய்ப் படுத்தேன். அவ சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டா. பரவாயில்லை என்றேன். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. வெயில் சாயும்வரைக்கும் அதிலேயே கிடந்தேன்.

கடலுக்குள் முதலில் இறங்கியது நான்தான். சிநேகிதி கரையில் நின்று தண்ணீரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடத்தில் கடல் ஆம்பிளைகளுக்குத் தொழில், பொம்பிளைகளுக்குக் காத்திருப்பு. விளையாட இறங்கினதில்லை என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். இடுப்பளவு வந்தவள் சட்டென்று குந்தி, தலையை முழுக்கி, மூச்சுமுட்ட எழும்பி, திரும்பவும் முழுகினாள். அதற்குப் பிறகு அவளைக் கரைக்குக் கூப்பிடுவதுதான் எனக்கு வேலையாகிப் போனது.

புதுவருஷத்தன்று அண்ணை வீடியோவில் போன் எடுத்தார். காலுக்குக் கட்டுப்போட்டுச் சோபாவில் கிடந்தார். யன்னலுக்கு வெளியே பனி. உனக்கு இதெல்லாம் பிடிக்குமென்று நான் நினைக்கவில்லை என்றார். இப்ப தெரியுந்தானே என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு, தெற்குப் பக்கத்துக் கரை இன்னும் நல்லது, அங்கேயும் போய்ப் பார் என்றார். எனக்கும் அண்ணைக்கும் அவ்வளவு போதும்.

பள்ளிக்கூடம் தொடங்கின அன்று நாங்கள் இரண்டுபேரும் தோல் உரிந்து, முகம் கறுத்து ஆசிரியர் அறைக்குள் போனோம்.

"நல்லாக் கறுத்துப் போனியள், ரீச்சர்" என்றார் முதலில் தீவுப் பகிடி விட்டவர்.

"ஓம். நல்ல வெயில்" என்றேன்.

சிநேகிதி பையைத் திறந்து, விடுதியில் தந்த தேங்காய் இனிப்பை எல்லாருக்கும் நீட்டினாள். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.