ஆள் வரட்டும்

திண்டுக்கல்லில் 'சாலை ரோடு' என்றே பேர் கொண்ட தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை சிவபிரகாஷுடையது. வாசலில் 'லேப்டாப் சர்வீஸ்' என்று போர்டு தொங்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ரிப்பேருக்கு வந்தவை ஒரு மூலையில் கிடக்க, மற்ற எல்லாத் திரைகளிலும் ஏதோ ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். முப்பதைத் தொட்ட ஆண்பிள்ளை விளையாட்டை வேலை என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அவன் கடை போட்ட புதிதில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன்டா அப்பு, ரிப்பேருக்கு வந்தவன் வெளிய கால் கடுக்க நிக்கிறான். நீ உள்ள வெளையாடிக்கிட்டு இருக்க?"

"வெளையாடலண்ணே. கேம் செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த விளையாட்டின் பெயர் 'நாலு மடை'. ஒரு பெரிய கண்மாய், நாலு மடை, நாலு ஊர். வேறு வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் இன்டர்நெட் வழியாக ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைத் திருப்பி, விளைவித்து, ஆள் சேர்த்து, கோட்டை கட்டி மற்றவர்களோடு மோத வேண்டும். உன் முறை, என் முறை என்று காத்திருப்பதெல்லாம் கிடையாது. நாலு பேரும் ஒரே நேரத்தில் இறங்கி அடிக்க வேண்டியதுதான். நாலு பேர் சேராவிட்டால் இரண்டு பேரும் ஆடலாம். நிஜத்தில் தண்ணீருக்கு அடித்துக்கொண்டது போதாதா, இதில் வேறா என்று நான் திட்டினேன். அவன் சிரித்தான். சிரித்தால் அடுத்த வார்த்தை திட்ட வராத மாதிரி ஒரு முகம் அவனுக்கு.

சிவபிரகாஷின் ஊர் ரெட்டியார்சத்திரத்தை ஒட்டிய கிராமம். அப்பா கருப்புசாமி கத்தரியும் சம்பங்கியும் போடுகிறவர். மகன் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் நல்ல கம்பெனியில் சேர்ந்து, அதை உதறிவிட்டுத் திரும்பி வந்தபோது அந்த மனிதர் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் எதற்குத் திரும்பினான் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ராபினுக்காகத் திரும்பியிருக்கிறான்.

ராபின் செம்பட்டிக்காரன், சிவாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவன் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சென்னைக்குப் போய் வேலை பார்க்கும் உடம்பில்லை. அவன் மனதில் 'நாலு மடை' இருந்தது, சிவாவுக்கு அதைத் திரையில் ஓட்டும் படிப்பு இருந்தது. இவன் திண்டுக்கல்லிலும் அவன் செம்பட்டியிலுமாக உட்கார்ந்து செய்தார்கள்.

வாரத்தில் ஒரு நாள் ராபின் பஸ் ஏறி வருவான். மூச்சை ஆற்றிக்கொள்ள என் கடை நாற்காலியில்தான் உட்காருவான். "அண்ணே, ஒங்க ஜெராக்ஸ் மெஷினுக்கு என்னையவிட இரைக்குது. மொதல்ல அதுக்கு ஆபரேஷன் பண்ணுங்க" என்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட நாளில் அவர்கள் கூட்டமாகப் போன ஒரு பிரவுசிங் சென்டர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. அங்கே பாதி கம்ப்யூட்டருக்குத்தான் யுபிஎஸ். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் பாதிப் பேர் அணைந்துபோவார்கள், மீதிப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓடுகிறவன் அந்த நேரத்தில் ஒரு காயைக்கூட நகர்த்தக் கூடாது என்பது அவர்கள் கட்டிய சட்டம். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். விழுந்தவன் திரும்பி வந்த பிறகுதான் ஆட்டம். மீறித் தொட்டவனோடு அப்புறம் யாரும் ஆட மாட்டார்கள்.

அந்தச் சட்டத்தை ராபின் அப்படியே 'நாலு மடை'யிலும் எழுதி வைத்துவிட்டான். ஆடுகிறவர்களில் ஒருவருக்கு லைன் அறுந்தால் நாலு ஊரும் அப்படியே உறையும். ஓடும் தண்ணீர் நிற்கும், ஓங்கிய வாள் அந்தரத்தில் நிற்கும். திரையின் நடுவில் 'ஆள் வரட்டும்' என்று எழுத்து வரும். செம்பட்டியில் கரண்ட் நினைத்தால் போகும், நினைத்தால் வரும். அதனால் சிவாவின் திரையில் தினமும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். ஒரு போன் கூடப் போட மாட்டான். எங்கள் பக்கத்து ஆட்களே அப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் பதற மாட்டோம். கரண்ட் போயிருக்கும், வந்ததும் அவனே கூப்பிடுவான் என்று இருந்துவிடுவோம்.

புது விளையாட்டுகளைக் கடைக்கு வருமுன் ஜனங்களுக்கு ஆடக் கொடுத்துக் காட்டும் பெரிய கண்காட்சி ஒன்று சென்னையில் நடந்தது. சிவா அங்கே ஒரு சின்ன ஸ்டால் பிடித்தான். வந்தவர்கள் ஸ்டாலில் உட்கார்ந்து ஆட, எதிர்ப்பக்கம் ராபின் செம்பட்டி வீட்டிலிருந்து ஆடினான். கூட்டம் நன்றாகத்தான் சேர்ந்தது. மடையைத் திறந்து எதிராளியின் கோட்டையை மூழ்கடித்ததும் ஆட்கள் கூச்சல் போட்டார்களாம். அப்புறம் செம்பட்டியில் கரண்ட் போனது.

"வந்துருவான் சார். கரண்ட் போயிருக்கும். செத்த நேரம் இருங்க" என்று சிவா சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறான். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிட்டது. ஒருவன் உறைந்த திரையை வீடியோ எடுத்து, ஹேங் ஆகிப்போன கேம் என்று கேலி பேசிப் போட்டுவிட்டான். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அவன் கையில் கிடைத்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

அங்கே நின்று பொறுமையாகப் பார்த்தவள் கீர்த்தனா ஒருத்திதான். விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் ஒரு கம்பெனியிலிருந்து வந்தவள். விளையாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. காத்திருக்கும் விஷயம்தான் பிடிக்கவில்லை. "லைன் போனாலோ, கை அசையாம இருந்தாலோ அரை நிமிஷம் டைம் குடுங்க. அதுக்கு மேல எதிராளி ஜெயிச்சதா முடிச்சிருங்க. எல்லா கேம்லயும் அப்படித்தான். இதை மாத்திட்டு பெங்களூர் கண்காட்சிக்கு வாங்க, சைன் பண்ணலாம்" என்றாளாம். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவள் தொழில் அது.

ராபின் கோபத்தில் துள்ளிவிட்டான். அன்றைக்கு அவர்கள் போட்ட சண்டை என் கடை வரை கேட்டது.

"கரண்ட் போனவன் தோத்தவனாடா, மாப்ள? அவன் என்னடா பண்ணுவான்?"

"ஏலே, நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும்டா. நாலு மடை வெளிய வந்தாத்தான் படுப்பேன்னு நீதான சொன்ன? அப்ப இதை எடு!"

விஷயம் அதுதான். வால்வை மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லியும் ராபின் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். நெஞ்சைப் பிளப்பதற்கு அவனுக்குப் பயம். பயத்தை வெளியே சொல்லாமல் கேமைச் சாக்குச் சொன்னான். கீர்த்தனா கையெழுத்துப் போட்ட மறுநாளே அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்பது சிவாவின் கணக்கு. அவனுக்குக் கேம் விற்பதைவிட அதுதான் பெரிசு.

ராபின் அங்கேயே உட்கார்ந்து, தான் எழுதிய சட்டத்தைத் தானே எடுத்தான். போகும்போது என் கடையில் நின்று, "என் கையாலயே எடுத்துட்டேண்ணே" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை.

பெங்களூர் ஸ்டாலுக்கு ஒரு திட்டம் போட்டுக்கொண்டார்கள். கீர்த்தனா வந்து நின்றதும் சிவா போனில் ஒரு மெசேஜ் தட்டுவான். ராபின் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அரை நிமிடத்தில் ஆட்டம் எப்படி முடிகிறது என்பதை அவள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

மற்றதை சிவா எனக்கு ஒரே ஒரு முறை சொன்னான். திரும்பக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கீர்த்தனா வந்தாள். ஒரு பெங்களூர் இளைஞன் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராபினோடு பேசியபடியே ஆடிக்கொண்டிருந்தான். சிவா மெசேஜ் அனுப்பப் போனை எடுத்தான். அனுப்புவதற்குள் ராபினின் ஆட்கள் அசையாமல் நின்றுவிட்டார்கள். கிறுக்குப் பயல் முந்திக்கொண்டான் என்று சிவா உள்ளுக்குள் சிரித்திருக்கிறான். திரையில் எண்கள் இறங்கி முடிந்தன. 'எதிராளி வெளியேறினார். நீங்கள் வென்றீர்கள்' என்று வந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கீர்த்தனா கை குலுக்கினாள்.

இளைஞன் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பக்கம் இருந்தவர் 'ஒன் மினிட் ப்ரோ, ஒன் மினிட்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறான்.

சிவா அதற்கும் சிரித்திருக்கிறான். ராபின் நடிப்பை வேறு சேர்த்துக்கொண்டான் என்று நினைத்தான். நல்ல செய்தி சொல்ல அவனுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. கரண்ட் போயிருக்கும், வந்ததும் அவனே கூப்பிடுவான் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளை உட்காரச் சொன்னான். அந்த ஆட்டம் முடிவதற்குள் ராபினின் தங்கை அறிவுச்செல்வி கூப்பிட்டாள். அண்ணன் மேஜையிலேயே சாய்ந்து கிடக்கிறான், கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை என்று கத்தினாள்.

செம்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் குழி மூடும்வரை சிவா அழவில்லை. அவன் அப்பா கருப்புசாமி தோட்டத்துச் சம்பங்கியைக் கூடை நிறையக் கொண்டுவந்து பெட்டியின் மேல் கொட்டிவிட்டு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்தே நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று ராபின் சொன்னதாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, 'சிவா ஸ்டால்ல நிக்கிறான், ஆட்டம் முடியட்டும்' என்றதாகவும் குழி மூடிய பிறகு அறிவுச்செல்வி சொன்னாள். அதைக் கேட்டபின் சிவா அழுத அழுகை எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கிறது.

"ஒரு நிமிஷம் கேட்டாண்ணே. அரை நிமிஷம்தான் குடுத்தேன்" என்று பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஆட்கள் நின்ற நொடியே போன் போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது கடவுளுக்குத்தான் தெரியும், விடுடா என்று நான் அதட்டினேன். அதட்டலுக்கு அடங்குகிற துக்கமா அது?

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, ராபின் எழுதியிருந்த பழைய சட்டத்தைத் தேடியெடுத்துத் திரும்பவும் சேர்த்தான். கீர்த்தனாவுக்குப் போன் செய்து சொன்னான். அவள் வருத்தப்பட்டாள், கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றாள். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டான். கேமை எடுத்துக்கொள்ள வேறு யாரும் இதுவரை வரவில்லை.

இந்த வருஷம் சென்னையில் மறுபடி ஸ்டால் போட்டான். தனியாகப் போகிறான் என்று தெரிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். எதிர்ப்பக்கம் ஆடுவதற்கு அறிவுச்செல்வி தானாகவே முன்வந்திருந்தாள். அண்ணனின் மேஜை, அண்ணனின் கம்ப்யூட்டர். நன்றாகவே ஆடினாள். ஸ்டாலில் ஒரு பெண் அவளோடு மும்முரமாக மோதிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஊர்கள் உறைந்தன. 'ஆள் வரட்டும்' என்று வந்தது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சிவா போனைக் காதில் வைத்திருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோனது. மறுபடி போட்டான். எடுத்ததும், "அறிவு... அறிவு" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவனுக்கு வரவில்லை. நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"கரண்ட்தாண்ணே போச்சு. போன் அடுத்த ரூம்ல கெடந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரிம்மா" என்றான். "போனை வச்சிராத."

"பேசுறதுக்கு என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணும் பேச வேணாம். சும்மா லைன்ல இரு."

ஆடிக்கொண்டிருந்த பெண், "அவங்க வருவாங்களா?" என்று கேட்டாள். "வருவாங்கம்மா. கரண்ட் போயிருக்கு" என்று நான்தான் சொன்னேன். கூட்டம் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தது. சிவா போனை என்னிடமிருந்து வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மற்றக் கையை மடியில் வைத்துக்கொண்டான். செம்பட்டியில் கரண்ட் வரும்வரை, அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதைக் கேட்டபடியே அப்படி இருந்தான்.