காயாத பில்லரும் ஒரு வீடியோவும்

போன மாதம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அறுகம்பேயில் விடுதி நடத்தும் என் பழைய சிநேகிதர் கையில் கிட்டாரோடு நிற்கிறார். கம்பிகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்து தொங்குகிறது. கல்முனைச் சாமான் இப்படித்தான் என்று ஊருக்கே சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிட்டாரைச் செய்தவர் கல்முனைக்குடி நவாஸ் ஓடாவி. கதவும் அலுமாரியும் செய்து பிழைப்பவர்; கிட்டார் அவருடைய ஆசை. சிநேகிதரை அவரிடம் கூட்டிப்போனவன் நான்தான்.

கிட்டாரின் முதுகும் பக்கங்களும் மகோகனி. அந்த மரத்தில் ஊசிக்குத்துப் போலத் துளைகள் இருக்கும். உடம்பை ஒட்டி முடித்து, சாண்ட் பேப்பரால் கடைசியாகத் தேய்த்த பிறகே அவற்றைப் பில்லர் என்ற அடைப்பு மாவால் அடைக்க வேண்டும். முந்திக்கொண்டு அடைத்தால்? தேய்க்கையில் துளை திரும்பத் திறந்துவிடும். அடைத்தது நன்றாகக் காய்ந்த பிறகுதான் வார்னிஷ். முன்பலகையில் பில்லர் படவே கூடாது — அது வேறு மரம், அடைக்க அதில் துளையும் இல்லை. இவ்வளவையும் எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னார் நவாஸ்.

கிட்டாரைப் பார்க்கப் போன அன்று காலைதான் பில்லர் பூசியிருந்தார். ஒரு கிழமை, ஏழு நாளாவது, பொறுக்கச் சொன்னார். சிநேகிதருக்குப் பொறுமை ஏது? சீசன் தொடங்குகிறதாம். வார்னிஷ் அடித்துக் கட்டை ஒட்டும் மிச்ச வேலையை அவருடைய பெயின்டரே முடிப்பாராம்.

அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடும் நவாஸ் என் பக்கம் திரும்பினார். "காக்கா, இது காயாம வார்னிஷ் அடிச்சா உள்ளுக்கு இறங்கிப் போகும். நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குடுத்து விடுங்க தம்பி, அவர் பார்த்துக்குவார்."

பெயின்டர் பார்த்துக்கொண்டார்! முன்பலகை முழுக்கப் பில்லரை அப்பி, அதன் மேலேயே கட்டையை ஒட்டினார். பசை பிடித்தது பில்லரை, மரத்தை அல்ல. கம்பியை முறுக்கியதும்… பெயர்ந்தது. முதுகில் வார்னிஷ் அம்மைத் தழும்பு போலக் குழிந்து கிடந்தது.

வீடியோவைக் காட்ட நவாஸிடம் ஓடினேன். ஏற்கெனவே பார்த்திருந்தார். அலுமாரிக்குச் சொல்லியிருந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டதாம். அப்போதே சிநேகிதரோடு சண்டைக்குக் கிளம்பினேன். அவரோ, முதலில் கிட்டாரைப் போய்ப் பார்ப்போம் என்றார். தன் கை பட்ட சாமான் அப்படிக் கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அறுகம்பே போனோம். பிழை எங்கே என்று நவாஸ் விரலால் தொட்டுக் காட்டினார். சிநேகிதர் தலையைச் சொறிந்தபடி, நாளைக்குள் திருத்தலாமா என்று கேட்டார். நாளைக்குள்!

"ஏலா," என்றார் நவாஸ். "மரம் காயிறத்துக்கு நான் நாள் குறிக்கேலா. பொறுக்க ஏலுமெண்டா தாங்க. ஏலாட்டி இப்படியே வெச்சிக்கங்க."

சிநேகிதர் கிட்டாரைக் கொடுத்தார். மூன்று கிழமை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மகோகனிக்கு மட்டும் திரும்பப் பில்லர் பூசி, காயவிட்டு, வார்னிஷ் அடித்து, வெறும் மரத்தில் கட்டையை ஒட்டினார். நேற்று முன்தினம் கம்பி கட்டி மீட்டினார். கட்டை அசையவில்லை.

சிநேகிதர் எனக்குப் போன் எடுத்து, நவாஸிடம் மன்னிப்புச் சொல்லிவிடச் சொன்னார். வீடியோவைத் திருத்திப் போட்டீரா என்று கேட்டேன். சீசன் பிஸியாம்.

ஏசுவது ஊரெல்லாம் பார்க்க, மன்னிப்பு மட்டும் காதோடு காதாக… இது என்ன நியாயம்?

அவர் போடமாட்டார். ஆகவே நான் போடுகிறேன்: நவாஸ் ஓடாவி மேல் பிழை இல்லை, பாதி அவசரக்காரர் மேல், பாதி இதை எழுதுகிறவன் மேல்.