அந்த அக்காவுக்குக் கிடைத்த பதில்

ஆஸ்பத்திரியில் என் கணவருக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அந்த அக்கா. நல்ல உயரம், மஞ்சள் பூசிய முகம். தினமும் ஜன்னல் வழியே மலையைக் கும்பிட்டுவிட்டு, தலையைச் சாய்த்தபடி அங்கேயே நிற்பார்.

"இன்னும் ஏங்க்கா நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இவரு பொழைப்பாரான்னு அண்ணாமலையார கேட்டிருக்கேன். பதில் சொல்லுவாருல்ல?"

நானும் அதே மலையைப் பார்த்துத்தான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "சொல்லிட்டாரும்மா. கூட்டிக்கிறேன்னுட்டாரு."

பிறகு நிதானமாகக் கணவருக்குத் தலை வாரிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இந்த அக்காவிடம் மட்டும் அண்ணாமலையார் பேசுகிறாராமே!

அந்த வாரமே அக்காவின் கணவர் இறந்துபோனார். என் கணவர் பிழைத்து வீடு வந்தார்.

கோயிலுக்குப் போய் நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு நானும் தலையைச் சாய்த்து நின்று பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அந்த அக்கா மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.